ஆறாவது போல்ட்டு

மேடையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே, நிர்வாக அதிகாரி ஐயா அவர்களே, முன்வரிசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் தையல்கார அண்ணன் அவர்களே, வார்டிலிருந்து பத்து நிமிட அனுமதி வாங்கி ஓடி வந்திருக்கும் செவிலியர்களே, கை கழுவக்கூட நேரமில்லாமல் வந்து கதவோரம் நிற்கும் என் ஷெட்டுத் தோழர்களே! உங்கள் எல்லோர் முன்பும் இந்த ஓட்டுநர் கைகூப்பி நிற்கிறேன்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஐயா, போதாது. மன்னிக்க வேண்டும். மைக்கை நிறுத்தினால் மைக் இல்லாமல் பேசுவேன். ஹாரன் கெட்டுப் போன நாட்களில் தலையை வெளியே நீட்டிக் கத்தியே வண்டி ஓட்டிய தொண்டை இது.

யாரை இழந்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம்? இந்த மருத்துவமனையின் வாகன ஷெட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் தலைமை மெக்கானிக்காக இருந்த அம்மையாரை இழந்திருக்கிறோம். பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஷெட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் 'பொறுங்கக்கா'. எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை "பொறுங்க". வண்டி தயாரா என்றால் "பொறுங்க". டீ குடிக்க வரலாமா என்றால் "பொறுங்க". அவரைக் கட்டிக்கொண்ட நம் தையல்கார அண்ணன் பெண் பார்க்கப் போனபோதுகூட, "சம்மதமா?" என்று கேட்டதற்கு, "பொறுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றாராம். அண்ணன் நாலு மாதம் பொறுத்தார். அண்ணா, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பதினோரு நாளாக உங்கள் முகத்தைப் பார்க்கவே எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அக்காவின் பொறுமையைப் புகழ்ந்தார்கள். அன்பை, எளிமையைப் புகழ்ந்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவரால் தண்டனை வாங்கியவன் யாரும் இன்னும் பேசவில்லை. நான் வாங்கியவன். இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன். ஏன் என்று இந்த ஷெட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. இன்று சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் நடந்தது. நம்மிடம் அப்போது இரண்டே கார்கள். ஒன்றாம் நம்பர் கார் இருபத்து நாலு வயதுக் கிழடு. பின் இருக்கையைக் கழற்றிவிட்டுப் படுக்கை போட்டிருந்தோம். அந்தக் காரின் என்ஜினை அக்கா எப்படி வைத்திருந்தார் தெரியுமா? தினமும் காலையில் வந்ததும் கைப்பையை மாட்டுவதற்கு முன்னால் பானெட்டைத் திறப்பார். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்ப்பார். அப்புறம் என்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நாங்கள் கிண்டல் செய்வோம், "அக்கா, என்ன சொல்லுது?" என்று. "உன்னைப் பத்தித்தான் புகார் சொல்லுது. கிளட்ச்ல காலை வெச்சுட்டே ஓட்டுறியாம்" என்பார். அது உண்மையாகவும் இருக்கும்!

அந்த மழைக்காலத்தில் ஒன்றாம் நம்பர் காரில் ஆயில் கசிய ஆரம்பித்தது. என்ஜினின் உச்சியில் ஒரு மூடி இருக்கும், வால்வு கவர். மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் ஓடும், அதுதான் கேஸ்கெட். பழசானால் ரப்பர் விறைத்துப்போய் வெடிக்கும், ஆயில் ஒழுகும். ஒழுகுவது தரையில் சொட்டினால் போகிறது, துடைத்துக்கொள்ளலாம். அந்தக் காரில் மூடிக்கு நேர் கீழே, என்ஜினை ஒட்டி, சைலன்சர் குழாயின் தலை. பழுக்கக் காய்ந்திருக்கும் குழாய். அதன்மேல் சொட்டினால்?

அக்கா புது கேஸ்கெட் கேட்டு மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போய், அக்கா இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். காருக்குள் கருகல் வாடை. நோயாளிகள் முகம் சுளித்தார்கள். நான் என்ன செய்தேன்? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! இருப்பதிலேயே நீளமான ஸ்பேனரை எடுத்தேன். மூடியின் எட்டு போல்ட்டுகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். ஆறாவது போல்ட்டு முறுக்கும்போது ஒரு மாதிரி இளகி, வழுக்கி, மறுபடி பிடித்தது. கைக்குத் தெரிந்தது. மனது தெரியாத மாதிரி இருந்துவிட்டது. வழிந்திருந்த ஆயிலைத் துணியால் பளபளவென்று துடைத்தேன். கசிவு நின்றது. ஷெட்டுக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலை அக்கா வந்தார். கேட்ட கேஸ்கெட்டும் அன்றுதான் வந்து சேர்ந்தது. வளையாமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டியிருந்தார்கள். "மதியம் மாத்திடலாம்" என்றார். அதற்குள் பதினொரு மணிக்கு மாடி வார்டிலிருந்து ஓடி வந்தார்கள். பிறந்து ஏழு மணி நேரமான பெண் குழந்தை, மூச்சு விட முடியவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். இரண்டாம் நம்பர் கார் வெளியூரில். இருப்பது இது ஒன்றுதான்.

அக்கா பானெட்டைத் திறந்தார். மூடியைப் பார்த்தார். துடைத்து வைத்த மாதிரி இருக்கிறதே என்று அவருக்கு நெருடியிருக்கிறது. திரும்பி என்னைக் கேட்டார்: "தம்பி, இதை யாராவது தொட்டீங்களா?"

நான், "இல்லக்கா" என்றேன்.

அன்பர்களே! ஒரே ஒரு சொல். அதைச் சொல்லி ஒன்பது வருடம் ஆகிறது, நாக்கில் இன்னும் கசக்கிறது.

 அக்கா கருவிப் பெட்டியைத் தூக்கி முன் இருக்கைக்குக் கீழே வைத்தார், கேஸ்கெட் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். "நானும் வரேன். எடு."

பின்னால் செவிலியர் மடியில் குழந்தை, பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், குழந்தையின் அப்பா. அவர் கொத்தனார். நெடுநெடுவென்று ஆள், சுண்ணாம்பு வெடித்த கைகள். அவர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். நேற்று நானே போய்க் கேட்டேன், சொல்லலாமா என்று. "நான் செஞ்சதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார்.

மொத்தம் ஒன்றரை மணி நேரப் பயணம். சிலிண்டர் இரண்டரை மணி நேரம் வரும். நிறைய அவகாசம் என்று நினைத்தோம். தொடர் மழையால் அந்தச் சாலையில் லாரி, பேருந்து எதையும் விடவில்லை. எங்கள் காருக்கு மட்டும் அனுமதி. நாற்பது நிமிடம் ஏறியிருப்போம். முதலில் வாடை வந்தது. அடுத்து, பானெட் இடுக்கு வழியாக ஒரு நூல் புகை. நூல் கயிறானது. அக்கா, "நிறுத்து" என்றார். நான், "இன்னும் ரெண்டு வளைவு ஏறிட்டா சமதரைக்கா" என்றேன்.

"நிறுத்துடா!"

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னை 'டா' போட்டது அந்த ஒரு முறைதான்.

நிறுத்தினேன். சைலன்சர் தலையில் நீல நிறத்தில் தீ, நாக்கு நீட்டி நக்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஆக்சிஜன்! தீப்பிடித்த காருக்குள் ஆக்சிஜன் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கா தீயைப் பார்த்து ஓடவில்லை, பின் கதவுக்கு ஓடினார். "சிஸ்டர், குழந்தையும் சிலிண்டரும் ஒண்ணா இறங்கணும். குழாய் கழலக் கூடாது. மேல நடங்க. காத்து அங்கருந்துதான் வருது, புகை உங்ககிட்ட வராது." கொத்தனார் சிலிண்டரைத் தோளில் தூக்கினார், செவிலியர் குழந்தையைத் தூக்கினார். இருவரும் ஒரே குழாயில் கட்டிய மாதிரி அடிமேல் அடி வைத்து நாற்பதடி தள்ளிப் போய் நின்றார்கள். அதற்கு அப்புறம்தான் அக்கா தீயிடம் வந்தார். ஈர மண்ணை இரண்டு கையாலும் வாரி வாரி அப்பினார். நானும் அப்பினேன். தீ அணைந்தது.

அணைந்தது, சரி. இனி? போனை எடுத்துப் பார்த்தோம், சிக்னல் இல்லை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது. செவிலியர் சிலிண்டர் முள்ளைப் பார்த்துக் கணக்குச் சொன்னார்: "இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம்." இறங்கிப் போகவே ஐம்பது நிமிடம் வேண்டும். ஆக, எங்களிடம் இருந்தது ஐம்பத்தைந்து நிமிடம்.

அக்கா என்ஜினைத் தொடாமல், உள்ளங்கையை மேலே காட்டிச் சூடு பார்த்தார். "இருபத்தஞ்சு நிமிஷம் ஆறணும்" என்றார்.

கொத்தனார் கத்தினார், "என்னது? என் குழந்தை அங்க இழுத்துட்டுக் கிடக்குது, நீங்க சும்மா நிக்கப் போறீங்களா? தண்ணிய ஊத்துங்க!"

"சூட்டுல தண்ணி பட்டா என்ஜின் விரிசல் விட்டுடும். அப்புறம் யார் வந்தாலும் ஓடாது."

"அப்ப அப்படியே ஓட்டுங்க!"

"மறுபடி தீப்பிடிக்கும். அப்ப குழந்தை உள்ள இருக்கும்."

கொத்தனார் ஜாக்கி கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். ஓங்கியும் விட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு அடி பின்னால் போனேன். வெட்கத்தோடு சொல்கிறேன். அக்கா நகரவில்லை. ஓங்கிய கம்பிக்குக் கீழே நின்றுகொண்டு, காருக்குள் கிடந்த கால்மிதியை எடுத்து அவரிடம் நீட்டினார். "பொறுங்கண்ணே. அடிக்கிறதா இருந்தா அப்புறம் அடிங்க. இப்ப இதை வெச்சு என்ஜினுக்கு விசிறுங்க. நீங்க விசிறினா அஞ்சு நிமிஷம் மிச்சம்."

கம்பி கீழே விழுந்தது. அந்த மனிதர் விசிறினார்! அழுதுகொண்டே விசிறினார். கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை நிறுத்தவில்லை. இருபது நிமிடம். என் ஆயுளில் அவ்வளவு நீளமான இருபது நிமிடம் இன்னொன்று கிடையாது. அக்கா சும்மா நிற்கவில்லை. ஈயம் பூசாத குறையாக எல்லாவற்றையும் துடைத்து வைத்தார், கருவிகளை எடுக்கும் வரிசையில் அடுக்கினார், மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த மண்ணை ஒரு துளி விடாமல் ஒற்றி எடுத்தார். "மூடியைத் திறக்கும்போது ஒரு கல் உள்ள விழுந்தாலும் என்ஜின் காலி" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

போல்ட்டுகளைக் கழற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது போல்ட்டு கையோடு வந்தது. அதன் மரையில், அந்தத் திருகு வரிகளில், வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாகத் தூள். என்ஜினுக்குள் இருந்த மரையை நான் முறுக்கி அறுத்திருக்கிறேன். மூடியைத் தூக்கினார். அந்த மூலையில் கேஸ்கெட் நசுங்கி, பிதுங்கி, இரண்டாகப் பிளந்து கிடந்தது. பழைய கசிவு சொட்டுச் சொட்டாகத்தான் இருந்திருக்கும். நான் முறுக்கியதால்தான் அது வாய் பிளந்தது.

அக்கா அந்தப் போல்ட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.   அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குள்ளும் ஒரு மரை கழன்றது.

"உள் விளக்கு வயரை அறு. செம்புக் கம்பி ஒரு இழை வேணும்" என்றார். அவ்வளவுதான்.

ஒட்டியிருந்த பழைய ரப்பரைப் பிளாஸ்டிக் தகடால் சுரண்டினார். இரும்பு பட்டால் கோடு விழும், கோடு விழுந்தால் அந்தக் கோட்டிலேயே கசியும். உள்ளே துணியை அடைத்து, சுரண்டிய தூளை எல்லாம் துணியோடு எடுத்தார். புதுக் கேஸ்கெட்டை மூடியின் பள்ளத்தில் விரலால் அழுத்தி அழுத்திப் பதித்தார். ஓட்டை பெரிதான ஆறாவது குழிக்குள் செம்பு இழையை வளைத்துவிட்டு, அதன்மேல் போல்ட்டை விரலாலேயே ஏற்றினார். எல்லாவற்றையும் முதலில் விரலால்தான் ஏற்றினார். அப்புறம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இங்கொன்று அங்கொன்று என்று மாற்றி மாற்றி, சின்ன ஸ்பேனரில், கொஞ்சம் கொஞ்சமாக. மூன்று சுற்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, சீக்கிரம்க்கா" என்றேன்.

"சீக்கிரம் பண்ணினவன் ஒருத்தன் போதும்" என்றார்.

குறைந்திருந்த அளவுக்கு ஆயில் ஊற்றினார். என்ஜினை ஓடவிட்டோம். அக்கா டார்ச்சை அடித்து மூடியைச் சுற்றிலும் பார்த்தார். ஆறாவது போல்ட்டிடம் மட்டும் குனிந்து, விரல் வைத்துப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது. "ஏறுங்க" என்றார். ஐம்பத்தைந்தில் ஐம்பது நிமிடம் போயிருந்தது. "மெதுவா ஓட்டு. அந்தப் போல்ட்டு நூல்ல தொங்குது" என்று வேறு சொல்லிவிட்டார்! வேகமாகப் போனால் போல்ட்டு தாங்காது, மெதுவாகப் போனால் ஆக்சிஜன் தாங்காது. ஒரு வளைவுக்கு ஒரு முறை செவிலியர் பின்னாலிருந்து முள் எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி இரண்டு கிலோமீட்டரில் சொல்வதை நிறுத்திவிட்டார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்தோம். ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. சிலிண்டர் முள் சிவப்புக்குள் படுத்திருந்தது. குழந்தை பிழைத்தது. இப்போது நான்காம் வகுப்பு. கணக்கு வரவில்லையாம். அப்பா சொன்னார். வரும், பொறுங்கள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இங்கே பேசியிருக்கவே மாட்டேன். அக்காவைத் தெய்வம் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் அக்கா மண் காய்ந்த கையோடு என் முன்னால் வந்து நின்றார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நான் ஆபீசுக்குப் போறேன். நடந்ததை எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி நீயே போய்ச் சொல்லிடு."

"அக்கா, வேலை போயிடும். எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

"தெரியும்."

"குழந்தை பிழைச்சிருச்சில்ல? யாருக்கு என்ன ஆச்சு இப்ப?"

"நீ முறுக்கினதுக்கு எனக்குக் கோபம் இல்ல. யாருக்கும் வர்ற புத்திதான். நான் கேட்டப்ப 'இல்ல'ன்னியே, அதுக்குத்தான். அந்த ஒரு வார்த்தைய நம்பி ஒரு குழந்தைய ஏத்தியிருக்கேன் நான்."

அவர் என்னைக் காட்டிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். மனதுக்குள் திட்டாத திட்டில்லை. மறுநாள் ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சொன்னேன். இரண்டு மாதம் வெளியே நிறுத்தினார்கள். அக்கா எழுதிய கடிதத்தைப் பின்னால்தான் படித்தேன். தவறு செய்தவர்கள் என்ற இடத்தில் முதல் பெயர் அவருடையது! 'மூடி துடைத்திருப்பது கண்டு சந்தேகம் எழுந்தும் வாகனத்தை வெளியே விட்டேன்' என்று எழுதியிருந்தார். யார் கேட்டார்கள் அவரை அப்படி எழுதச் சொல்லி? எந்தச் சட்டம் கேட்டது? அவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை மறைத்தாரா? தன் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது, நான் முறுக்கிய அந்த நீள ஸ்பேனரை அவர் ரம்பத்தால் பாதியாக அறுத்திருந்தார். "இனிமே யாருக்கும் அவ்வளவு பலம் வேண்டாம்" என்றார். ஒரு வருடம் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் தினமும், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார். வீணாக்கிய அந்த ஒரு வருடத்தை இப்போது யாரிடம் போய்க் கேட்பேன் நான்?

அந்தக் கடிதத்தின் கடைசி வரி ஒரு விதியாக மாறியது. மெக்கானிக் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எந்த வண்டியின் சாவியும் வெளியே போகக் கூடாது. ஒன்பது வருடம்! ஐந்து கார்கள்! நோயாளியோடு ஒரு வண்டி வழியில் நின்றதாக யாராவது சொல்ல முடியுமா? வயசான என்ஜின்கள்தான். ஆனால் தினமும் ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

இப்போது நான் சொல்லப் போவது சிலருக்குப் பிடிக்காது. தலைமை மருத்துவர் அம்மா, தயவுசெய்து கேளுங்கள். அக்கா மூளையில் ரத்தக் குழாய் வெடித்து ஷெட்டிலேயே விழுந்து பதினோரு நாள்தான் ஆகிறது. நான்காம் நாளே ஒரு சுற்றறிக்கை வந்தது. மெக்கானிக் பதவி காலியாக இருப்பதால் கையெழுத்து தேவையில்லை, பழுது பார்க்கும் வேலை வெளியாட்களிடம் ஒப்படைக்கப்படும், அதுவரை வண்டிகள் வழக்கம்போல் ஓடலாம் என்று. வழக்கம்போல்! எது ஐயா வழக்கம்? நேற்று மூன்றாம் நம்பர் கார் இரண்டு முறை நோயாளியோடு போய் வந்திருக்கிறது. அதன் வால்வு கவரில் ஆயில் கசிகிறது. நேற்று சொன்னேன், "பரிசீலிக்கப்படும்" என்றார்கள்.

நிர்வாக அதிகாரி ஐயா, எழுந்து போகாதீர்கள். உட்காருங்கள். உங்கள்மேல் எனக்குப் பகை கிடையாது. அன்றைக்கு நான் செய்ததைத்தான் நீங்கள் இன்று செய்கிறீர்கள். கசிவு தெரியவில்லை என்று இருந்துவிடப் பார்க்கிறீர்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்தவன் சொல்கிறேன்.

அதனால், அஞ்சலி செலுத்த வந்திருக்கும் பெரியோர்களே, மலர் வளையத்தோடு சேர்த்து நாங்கள் ஏழு ஓட்டுநர்களும் ஒரு வாக்கையும் வைக்கிறோம். நாளைக் காலை முதல் எந்த வண்டியும் பானெட் திறக்காமல் வாசலைத் தாண்டாது. மெக்கானிக் வரும்வரை நாங்களே முறை போட்டுப் பார்ப்போம். நாங்களே கையெழுத்துப் போடுவோம், எங்கள் பெயரை முழுசாக எழுதிப் போடுவோம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவோம். தொட்டதைத் தொட்டேன் என்று எழுதுவோம். அதற்காக இரண்டு மாதம் வெளியே நிறுத்தினாலும் சரி, மொத்தமாக நிறுத்தினாலும் சரி.

மூன்றாம் நம்பர் காரின் சாவி காலை முதல் என் சட்டைப் பையில் இருக்கிறது. யாருக்கும் தரவில்லை, தரப் போவதும் இல்லை. புதுக் கேஸ்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். நான்கு மணிக்கு வேலையை ஆரம்பிக்கிறேன்.

ஐயா, நீங்களும் ஷெட்டுக்கு வாருங்கள். மனதாரத்தான் கூப்பிடுகிறேன். மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று விளக்குப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.